வருசப்பிறப்பன்று படுத்துக் கிடந்தேன்

1

ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தபோது என் இடுப்பில் உடுப்புக் கூடை இருந்தது. மூன்றாம் மாடிக்கு ஏறும் படிகளில் இரண்டாவது திருப்பத்தில் நின்றேன். மூச்சு வாங்குவதற்கு நான் வழமையாக நிற்கும் இடம் அது. அன்று கடிதம் வாசிக்க நிற்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் பதினாலு, காலை ஏழரை மணி. வெறும் வயிற்றோடு வரவும்.

நோர்வேக்காரருக்கு அது கிழமையில் ஒரு நாள். எங்களுக்கு வருசப்பிறப்பு. ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. அன்று என்ன செய்கிறாயோ அதையே வருசம் முழுக்கச் செய்வாய் என்று சொல்லித்தானே எல்லாரையும் வளர்த்தார்கள். அன்று அழக்கூடாது. கைமாற்றுக் கேட்கக்கூடாது. ஆரோடும் வாய்கொடுக்கக்கூடாது. அப்படியொரு நாளில் ஆஸ்பத்திரிப் படியேறு என்கிறது கடிதம்.

கருப்பையில் கட்டிகள். பயங்கரமான வகையில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் மாதாமாதம் இரத்தத்தைக் கொண்டுபோகிற வகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தின்று தின்று நாக்கில் எப்போதும் துருவின் சுவை. எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். சரியாகிவிடும் என்பதாலேயே தள்ளிப்போட்டேன். சரியாகிவிடுகிற காரியத்துக்கு எப்போதும் நாள் இருக்கிறது என்று தோன்றும்.

முதல் திகதி மார்கழியில் வந்தது. நத்தார் என்கிற கிறிஸ்மஸ் நாட்களில் என் வேலையிடத்தில் இரட்டைச் சம்பளம். அந்தக் கிழமைதான் என் கணவருக்கு மீன் தொழிற்சாலையில் வேலைநேரத்தைக் குறைத்தார்கள். திகதியை மாற்றினேன். இரண்டாவது மாசியில். பனிக்கால விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்து மச்சாள் குடும்பம், ஐந்து பேர். வருகிறோம் என்று சொன்னவர்களிடம் வராதே என்று எப்படிச் சொல்வது? மாற்றினேன்.

மூன்றாவது கடிதத்தின் அடியில் ஒரு வரி. மிக மரியாதையான வரி. இம்முறையும் வராவிட்டால் உங்கள் பெயரைக் குடும்ப மருத்துவரிடமே திருப்பி அனுப்புவோம், அவர் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், வரிசை புதிதாக ஆரம்பிக்கும். இந்த நாட்டில் எவரும் சத்தம் போடமாட்டார்கள். கதவை மூடும்போதுகூட உங்கள் விரல் நசியாமல் பார்த்து மூடுவார்கள்.

வரிசை புதிதாக ஆரம்பித்தால் ஐப்பசி, கார்த்திகை ஆகும். அதுவரைக்கும் இந்தப் படிகளை நான் எப்படி ஏறுவேன் என்று கூடையைக் கேட்டேன்.

2

நான் ஒரு வயோதிபர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிறேன். விடிய ஆறரைக்குப் போனால் ஆவி. வெள்ளை வெள்ளையாக விரிப்புகள். மழைக்கால விடியலில் எங்கள் ஊர் மண்டூர்த் துறையில் நின்றால் அக்கரை தெரியாது, வெறும் வெள்ளை. வாவி என்று எழுதுவோம், ஆறு என்றுதான் சொல்லுவோம். அந்த ஆற்றை மடித்து மடித்து அடுக்குவதுபோல நான் விரிப்புகளை அடுக்குகிறேன். ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் ஒரு பெயர் தைத்திருக்கும். ஆள் போன பிறகும் இரண்டு கிழமைக்குச் சட்டை சலவைக்கு வந்துகொண்டிருக்கும்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் இரண்டாவது சலவை அறை. எங்களுக்குக் கரண்ட் விலை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் மாறும். எப்போது மலிவோ அப்போதுதான் மெசின் ஓடும். திகதி முடியப்போகிற பாண், விலை குறைத்து மஞ்சள் ஒட்டுத்தாள் போட்ட கோழி, மூடைக்கணக்கில் அரிசி. பிரீசருக்குள் தேங்காய்ப்பூ. இவையெல்லாம் எனக்குப் பாரமாகத் தெரிந்ததில்லை. கொஞ்சத்தில் வீடு நடத்துவது எங்கள் கைகளுக்குத் தெரிந்த வித்தை. பாரம், விடுமுறை என்று ஒன்று வருவதுதான். நத்தார் வந்தால் யன்னலில் நட்சத்திரம் தொங்கவேண்டும் என்று மகளுக்கு. பாஸ்கா என்ற ஈஸ்டர் விடுமுறை வந்தால் ஊரே மலைவீடுகளுக்குப் போய்விடும். போகாத ஆட்கள் நாங்கள், இரட்டைச் சம்பளத்துக்கு. அது முடிய எங்கள் வருசம். மற்றவர்களின் விடுமுறையில் வேலை செய்து, எங்கள் விடுமுறையில் வீட்டுவேலை செய்து, இடையில் ஒரு நாளில் காலை நீட்டினால் ஏதோ களவெடுத்த மாதிரி இருக்கும்.

இந்த மொழியில் நான் மிக அழகாக உச்சரிக்கும் சொல் ஒன்று உண்டு. ‘எல்லாம் நல்லம்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். வந்த புதிதில் படித்தது, இருபத்துமூன்று வருசமாகப் பழகினது. அதில் மட்டும் நான் இங்கேயே பிறந்தவள் மாதிரி இருப்பேன். மருத்துவர் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்பார். எல்லாம் நல்லம் என்பேன். சுருதி சுத்தமாக. அவர் நம்பினார். வலி, கட்டி, உதிரம், தலைச்சுற்று என்பவற்றுக்கு என்னிடம் சொற்கள் இருக்கவில்லை. இருந்தவையும் உடைந்து உடைந்து வரும். உடைந்த சொல்லைக் கொடுப்பதைவிட நல்ல சொல்லைக் கொடுத்துவிட்டு எழும்பி வருவது மரியாதை என்று நினைத்தேன். அப்படியே மூன்று வருசம் போய்விட்டது.

கடைசியில் மகள் அபிதான் கூட வந்து சொன்னாள். பதினேழு வயது. வீட்டில் என்னோடு தமிழில் தொடங்கி நோர்வேஜியனில் முடிப்பவள். “அம்மா எப்பவும் களைப்பு,” என்று மருத்துவரிடம் சொன்னாள். “எனக்கு நினைவு தெரிஞ்ச நாளில இருந்து களைப்பு.” அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னாள்.

3

சலவை அறையில் என்னோடு வேலை செய்கிற பெரிட் ஒருநாள் கேட்டாள். “உன் கணவர் ஏன் சமைப்பதில்லை?”

எங்கள் பக்கத்து வழக்கத்தை எனக்குத் தெரிந்த மட்டில் விளங்கப்படுத்தினேன். வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண் தன் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவான். வெல்லாவெளியிலிருந்து இவர் ஒரு சைக்கிளும் ஒரு சூட்கேசுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் அறைச் சுவரில் ஒரு ஆணியைக் காட்டி, “தம்பி, இது உங்கட ஆணி, சேட்டைக் கழட்டி இதில கொழுவுங்க,” என்று என் அம்மா சொன்னா. அவரும் கொழுவினார். அதன் பிறகு வேறு ஆணி கேட்கவில்லை. இங்கே வந்து, வாடகை வீட்டில் இருந்து, பிறகு வங்கிக் கடனில் இந்த மூன்றாம் மாடியை வாங்கியும், இரண்டு பேர் பெயரிலும் கையெழுத்து வைத்தும், இன்றுவரைக்கும் குசினி வாசலில் நின்று “வரலாமா?” என்பதுபோலத்தான் பார்ப்பார். நான் வா என்று சொன்னதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சட்டியை அவர் எடுத்தால் நான் வாங்கிக்கொள்வேன். துடைத்த மேசையைத் திரும்பத் துடைப்பேன்.

பெரிட் ஒரு விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

“அப்போ அவர் உன் வீட்டு விருந்தாளியா?”

“ஓரளவுக்கு.”

“எவ்வளவு காலமா?”

“இருபத்தாறு வருசம்.”

“இந்திரா,” என்றாள், “என் வீட்டில் விருந்தாளி மூன்று நாள் தாண்டினால் பாத்திரம் கழுவுவான்.”

சிரித்தோம். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து குசினியில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வீடு மாறியும் அம்மா தந்த அந்த உரிமையை நான் கைவிடவில்லை. என் அடுப்பு, என் அலுமாரி, என் ஒழுங்கு. ஒரு ராச்சியத்தை வென்றவள் அதைக் கூட்டித் துடைக்கவும் தானே வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சின்ன நகரத்தில் மட்டக்களப்பு ஆட்கள் நாங்கள் நான்கு குடும்பம். அதில் மூத்தவள் நான். அதனால் வருசப்பிறப்பு என் வீட்டில். பின்னேரம் நான்கு மணிக்கு எல்லாரும் வருவார்கள். பாற்சோறு, முறுக்கு, அரியதரம், பயத்தம்பணியாரம். வந்தவர்கள் கையில் வெற்றிலையும் காசும் வைத்துக் கைவிசேஷம் கொடுப்பதும் நான். பதினோரு வருசமாக நடக்கிறது. அழைப்பதில்லை, வருவார்கள். அழைக்காமல் வருகிறவர்களுக்கு வராதீர்கள் என்று எப்படிச் செய்தி அனுப்புவது? நல்ல நாளும் அதுவுமாக.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கடிதத்தை அரிசி மூடைக்குப் பின்னால் வைத்தேன். அங்கே எவர் கையும் போகாது.

4

என் மனதில் ஒரு சூழ்ச்சி ஓடியது. சொல்ல வெட்கம், ஆனாலும் சொல்கிறேன்.

எங்களுக்குப் பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியத்தில் ஒரு நேரத்துக்கு வருசம் பிறக்கும், திருக்கணிதத்தில் இன்னொரு நேரத்துக்கு. இங்கே இருக்கிற எங்கள் ஆட்களில் ஊர் மணியை அப்படியே எடுக்கிறவர்கள் பாதி, நோர்வே மணிக்கு மாற்றிப் பார்க்கிறவர்கள் பாதி. ஆக, இந்த ஊரில் ஒரு வருசம் நாலு தரம் பிறக்கிறது. நாலில் ஏதாவது ஒன்று பதின்மூன்றாம் திகதியிலேயே பிறந்துவிட்டால்? அன்று பின்னேரமே தலையில் மருத்துநீர் வைத்து முழுகி, விளக்கேற்றி, வருசத்தை முடித்துவிடலாம். பதினாலு சும்மா ஒரு நாளாகிவிடும். படியேறலாம்.

மண்டூரில் இருக்கும் தங்கை சாந்திக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். எனக்கும் அவளுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். அவள் தேங்காய் திருவும் பலகையில் போனைச் சாத்திவைத்துவிட்டு வேலையில் இருந்தாள். பின்னால் வீடு தலைகீழாகக் கிடந்தது. கதிரைகள் முற்றத்தில், பாய்கள் வேலியில். வருசத்துக்குச் சுத்தம் செய்கிறாள்.

“எத்தின மணிக்கு வருசம் பிறக்குது, சாந்தி? ரெண்டு பஞ்சாங்கமும் பாத்துச் சொல்லு.”

அவள் சொன்னாள். நான் விரல் விட்டு மணியைக் கழித்தேன். ஒன்று கிடைத்தது. பதின்மூன்று, பின்னேரம்.

“நீ ஒரு நாளும் நேரம் கேக்கிறவள் இல்லையே,” என்றாள். “கோயிலில சொல்லுவாங்க எண்டு இரிக்கிறவள். மறுகா ஏன் முகம் வெளிறிக் கிடக்கு?”

“லைட் அப்படி.”

“லைட்டுக்கு ஏன்கா உதடு வெளிறுது?”

சொல்லிவிட்டேன். கட்டி, கடிதம், திகதி எல்லாம். தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

“எத்தின தரம் தள்ளிப் போட்டாய்?”

“ரெண்டு.”

“என்னத்துக்கு?”

“நத்தாருக்கு ஒருக்கா. மறுகா மச்சாள் ஆக்கள் வந்தாங்க.”

“வந்த ஆக்கள் பாத்திரம் கழுவினாங்களா?”

“சாந்தி.”

“இல்லக்கா, தெரியாமத்தான் கேக்கிறன்.”

“அவங்கள விடு. வருசப்பிறப்பண்டைக்கு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா... உனக்குத் தெரியாதா. அண்டைக்குச் செய்யிறதுதானே.”

சாந்தி முன்றானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு போனைக் கையில் எடுத்து மிக அருகில் வைத்துப் பேசினாள். அவளுடைய ஒரு கண்ணும் பாதி மூக்கும் மட்டும் தெரிந்தது.

“அண்டைக்குச் செய்யிறதுதான் வருசம் முழுக்க எண்டா, போய்ப் படு. மத்தவங்க கொண்டு வந்து தர இருந்து தின்னு. ஆரும் எழும்பு எண்டு சொல்லாத கட்டில். வருசம் முழுக்கப் படுத்துக் கிடப்பாய். ஆருக்குக் கிடைக்கும் இந்த வரம்? என்னைப் பார். போன வருசப்பிறப்பண்டைக்கு விடிய நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டினன். வருசமே முடியப்போகுது, நான் இன்னும் அடுப்பை விட்டு எழும்பல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றில் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நீ செத்துப் போனா அங்க இருந்து பெட்டிதான் வரும். எனக்கு அது வேணாம்,” என்றாள். “தேங்காய் விக்கிற விலைக்கு இண்டைக்கு நாலு தேங்காய் உடைச்சிட்டன். வை போனை. திருவ வேணும்.”

5

அன்றே இவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, இரண்டு தரம் வாசித்தார்.

“ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாதாம்,” என்றார்.

“ஓம்.”

“வீடு கூட்டக்கூடாதாம்.”

“ஓம். நீங்கதான் சமைக்கோணும்.”

“சமைக்கிறன்.”

“தெரியுமா?”

“என்ன கதை இது. தொழிற்சாலையில ஒரு நாளைக்கு எத்தின மீன் வெட்டுறன் தெரியுமா?”

“வெட்டுவீங்க. மறுகா?”

“மறுகா பெட்டியில போட்டு ஐஸ் போடுவம்.”

அபி தன் அறையிலிருந்து சிரித்தாள். கதவு மூடியிருந்தால் அவளுக்கு ஒன்றும் கேட்காது என்று நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

இவர் கடிதத்தை மடித்தார். விரித்தார். திரும்ப மடித்தார். “நீ அரிசி மூடைக்குப் பின்னால வைச்சது எனக்குத் தெரியும்,” என்றார். “போன கிழமை புது அரிசி மூடை வைக்கப் போனன். வாசிச்சன். நீ சொல்லுவாய் எண்டு இருந்தன்.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டா ‘ஒண்டுமில்ல’ எண்டுவாய்.” மேசை ஓரத்தை நகத்தால் சுரண்டினார். “உனக்கு ஒண்டு நடந்தா எனக்கு இந்த வீட்டில உப்பு எந்தப் போத்தலில இரிக்கு எண்டும் தெரியாது, இந்திரா.”

பயத்தை அவர் சொன்ன விதம் அது. இருபத்தாறு வருசத்தில் அதைவிடப் பெரிய வசனம் அவர் பேசினதாக எனக்கு நினைவில்லை. நான் எழும்பிப் போய் உப்புப் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் சீனி, மிளகாய்த்தூள், சரக்குத்தூள். அவர் ஒவ்வொன்றையும் திறந்து மணந்து பார்த்தார். சின்ன வகுப்புப் பிள்ளைபோல.

6

பதின்மூன்றாம் திகதி பின்னேரம், நாலில் ஒரு வருசம் பிறந்தது.

சாந்தி போன ஆவணியில் அனுப்பின மருத்துநீர்த் தூள் இருந்தது. பழசு, வீரியம் குறைந்திருக்கும் என்று பார்த்தேன். இரண்டு கரண்டி மஞ்சள் கூடப் போட்டேன். அறுகம்புல்லுக்கு இங்கே வழியில்லை. துளசி யன்னலில் ஒரு சட்டியில் சாகாமல் நிற்கிறது, நாலு இலை கிள்ளினேன். பாலில் காய்ச்சி இறக்க, வீடு முழுக்க வேறொரு தேசம் மணத்தது.

மூத்தவள் வைக்கவேண்டும். இவர் தலையில் வைத்தேன். அபி, “அம்மா, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் முன்னால பேசணும், மணக்கும்,” என்று விரல் நுனியால் தொட்டு நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். சட்டியில் பாதிக்கு மேல் மிச்சம். ஊற்ற மனம் வரவில்லை. கோழியின் எலும்பைக்கூட இரண்டாந்தரம் அவிக்கிறவள் நான். எல்லாவற்றையும் என் தலையிலும் கையிலும் காலிலும் வழித்து ஊற்றி, நன்றாக ஊற விட்டுத்தான் முழுகினேன்.

அடுத்த நாள் விடிய ஆஸ்பத்திரி சொன்னபடி சவர்க்காரம் போட்டுக் குளித்தேன். நகைகள் வேண்டாம் என்று எழுதியிருந்தது. தாலிக்கொடியைக் கழற்றி இவர் கையில் கொடுத்தேன். சட்டைப் பொக்கற்றில் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். பஸ்ஸில் போகும்போது வழி நெடுக அதன்மேல் கையை வைத்தபடி இருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவரை வேலைக்கு அனுப்பினேன். அரை நாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். அதைப் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒரு இளம் தாதி என்னைக் கட்டிலில் இருத்திக் கையைப் பிடித்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள். பாதத்தைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. அன்பாகச் சிரித்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வரும்போது கூடவே மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவர். அவரும் பார்த்தார். இரத்தம் குறைந்து வெளிறிப் போன தோலுக்கு மேல் இரண்டு கரண்டி மஞ்சள். யன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. பழுத்த பலாச்சுளை நிறம்.

ஈரல் என்ற சொல் எனக்கு விளங்கியது. இன்று செய்ய முடியாமல் போகலாம் என்பதும் விளங்கியது. எனக்கு வாயைத் திறந்தால் அந்த ஒரே சொல்தான் வந்தது. எல்லாம் நல்லம். மருத்துவர் இன்னும் கவலையாகப் பார்த்தார்.

போன் மூலம் மொழிபெயர்ப்பாளரை எடுத்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு ஆண் குரல், வேறெந்த நகரத்திலிருந்தோ. முதலில் உத்தியோகக் குரல். “வணக்கம் அம்மா. உங்களுடைய தோல் மஞ்சளாக இருப்பதாக மருத்துவர் சொல்லுகிறார். ஈரல் வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று கேட்கிறார்.”

“இல்லைத் தம்பி. மருத்துநீர்.”

அந்தக் குரல் உடைந்து சிரித்தது.

“அக்கா, மருத்துநீரோ? எவ்வளவு வைச்சனீங்கள்?”

“மிச்சம் ஊத்த மனமில்லாமல் எல்லாத்தையும்.”

“எங்கட அம்மாவும் உப்பிடித்தான்,” என்றான். “நானும் இண்டைக்குக் காதுக்குப் பின்னால மஞ்சளாத்தான் இருக்கிறன். பொறுங்கோ, சொல்லுறன்.”

பிறகு நோர்வேஜியனில் நீளமாகப் பேசினான். வருசம், பூக்கள், இலைகள், பால், தலை. அவ்வளவு அழகாக எங்களைப் பற்றி அந்த மொழியில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. தாதி வாயைப் பொத்திக்கொண்டாள். மருத்துவர் என் கண்ணிமையை இழுத்து, விழியின் வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறது என்று பார்த்தார். ஆனாலும் இரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வரும்வரை எனக்குப் பின்னால் வரவேண்டிய ஒருவரை முன்னால் கொண்டுபோனார்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் படுத்திருந்தேன். அதற்குள் ஒரு ஆசை தலை காட்டியது. இன்று முடியாது என்று சொல்லிவிட்டால் மத்தியானத்துக்குள் வீட்டில் நிற்கலாம். அரியதரத்துக்கு மாக் குழைக்க இன்னும் நேரம் இருக்கும். நாலு மணிக்கு எல்லாரும் வருவார்கள். ஆஸ்பத்திரியே அனுப்பினால் என் பிழை இல்லையே. அந்த ஆசையை நான் நன்றாகப் பார்த்தேன். என்னைக் கொல்லக்கூடிய ஆசை, முகத்தில் மா பூசிக்கொண்டு சாதாரணமாக நின்றது.

தாதி வந்து, இரத்தம் சரி, நீங்கள் தயாரா என்று கேட்டாள். நல்லம் என்று சொல்ல வந்ததை விழுங்கினேன். “களைப்பு,” என்றேன், அவளுடைய மொழியில். உச்சரிப்புப் பிழைத்திருக்கும். “நிறையக் காலமா களைப்பு. செய்யுங்கள்.”

அவள் கட்டிலின் சக்கரத் தடையைக் காலால் தட்டி விடுவித்தாள்.

7

பின்னேரம் கண் விழித்தபோது நாக்கு ஒட்டிக் கிடந்தது. போனில் பதினாறு படங்கள். எல்லாம் அபி அனுப்பினவை.

நாலு மணிக்கு வழமைபோல எல்லாரும் வந்துவிட்டார்கள். இவர் கதவைத் திறந்து விசயத்தைச் சொல்லியிருக்கிறார். ஆரும் திரும்பிப் போகவில்லை. வாகரைக்காரி பவானி, நேரே என் குசினிக்குள் போய்ச் சீலையை இழுத்துச் செருகியிருக்கிறாள். இவர் தோளில் துவாயோடு தேங்காய்ப்பால் கிண்டுகிறார். பாற்சோறு கட்டிப்பட்டுப் போய்த் தட்டில் சாய்ந்து நிற்கிறது. அரியதரத்துக்குப் பதிலாகக் கடை விசுக்கோத்து. அபி முறுக்கு உரலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள், எல்லாரும் வாயைத் திறந்து சிரிக்கிறார்கள். கடைசிப் படத்தில் இவர் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறார். கைவிசேஷம் அவர்தான் கொடுத்தாராம்.

கீழே அபி தமிழில் எழுதியிருந்தாள், ஆங்கில எழுத்துகளில். அம்மா கவலைப்படாதீங்க, எல்லாம் நடந்திட்டு.

எல்லாம் நடந்துவிட்டது. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சந்தோசம் வந்தது, உண்மை. அதற்கு அடியில் ஒரு நோவும் இருந்தது, தையல் போட்ட இடத்தில் இல்லாத நோவு. பதினோரு வருசம் நான் இல்லாவிட்டால் நடக்காது என்று இருந்தேன். நடக்காது என்பதற்காக இரத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்டிப்பட்ட பாற்சோற்றோடும் கடை விசுக்கோத்தோடும் அது நடந்துவிட்டது. அழக்கூடாத நாள் என்று தெரிந்தும் கொஞ்சம் அழுதேன். பக்கத்துக் கட்டில் கிழவி கடதாசித் துவாயை நீட்டினா.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். இரண்டாவது திருப்பத்தில் நின்றபோது இவரும் நின்றார். கதவைத் திறந்ததும் கண் தன் வேலையைத் தொடங்கியது. காலடி மிதிதுணி கோணலாக. துவாய்கள் நீளமாக மடிக்காமல் உருண்டையாக. யன்னல் துளசிக்குத் தண்ணீர் கூடி மண் வழிந்து கிடந்தது. என்னைச் சோபாவில் இருத்தி, காலுக்குத் தலையணை வைத்து, ஒரு கோப்பை தேத்தண்ணியும் தந்துவிட்டு அவர் குசினிக்குப் போனார். தேத்தண்ணிக்குள் சீனி அளவில்லை. குடித்தேன்.

மத்தியான வெயில் கம்பளத்தில் கிடந்தது. அபி பள்ளிக்கூடத்தால் வந்து, “இண்டைக்கு நான் மெசின் போடுறன், இப்ப மலிவு,” என்று சொல்லிவிட்டு உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

குசினியில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு இன்னொரு சத்தம். கறகறவென்று. எனக்கு உடம்பு முழுக்க விளங்கியது. கம்பிப் பஞ்சு. ஒட்டாத சட்டி. நான் இரண்டு மாதம் காத்திருந்து, மலிவு விற்பனையில் வாங்கி, கீறல் விழுமென்று மரக்கரண்டி தவிர வேறொன்றும் தொட விடாமல் வைத்திருந்த சட்டி. அதைப் பிடித்துக் கம்பிப் பஞ்சால் உரஞ்சுகிறார். நம்பிக்கையோடு, முழுப் பலத்தோடு, மிகச் சுத்தமாகக் கழுவவேண்டும் என்ற எண்ணத்தோடு.

கை சோபாவின் விளிம்பைப் பிடித்தது. வாய் திறந்தது.

கறகற.

வாயை மூடினேன். தலையணையில் தலையை வைத்தேன். அவர் மெல்லமாக ஏதோ பழைய மெட்டை முணுமுணுத்தபடி உரஞ்சிக்கொண்டே இருந்தார். நான் எழும்பவில்லை.